பம்ப், செமி ஆட்டோ: முதலில் மேகசினா, சேம்பரா?

மணல்மேடு:
12 போர் (குழல் விட்ட அளவு) ஷாட்கன்கள் மூன்று வகை கையாள வேண்டியிருக்கிறது: நடுவில் மடக்கித் திறக்கும் இரட்டைக் குழல், பம்ப் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது), செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறுவது). மடக்குவதில் குழப்பம் இல்லை. மற்ற இரண்டையும் காலி செய்யும் வரிசை என்ன? பம்பை இழுத்துத் தள்ளி எல்லாத் தோட்டாவையும் வெளியேற்றினால் போதுமா?

நீள்குழல்:
எப்போதும் சேம்பர்தான் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) முதலில். ட்ரிகரை அழுத்தினால் வெடிக்கப்போவது அங்கே இருக்கும் தோட்டாதான். குழாய் மேகசினை (குழலுக்குக் கீழே மீதித் தோட்டாக்கள் இருக்கும் குழாய்) மட்டும் காலி செய்துவிட்டு "காலி" என்று நினைப்பது மிக ஆபத்தானது.

பம்பை முழுவதுமாகத் தள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா சேம்பருக்குள் போகிறது. எனவே அப்படிச் செய்ய வேண்டாம். குழல்வாய் பாதுகாப்பான திசையில், சேஃப்டி போட்டு, விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே. பிறகு ஸ்லைடு (இழுத்துத் தள்ளும் முன்பிடி) பூட்டை விடுவியுங்கள். ரெமிங்டன் 870இல் அது ட்ரிகர் வளையத்தின் முன்பக்கம், மாஸ்பெர்க் 500இல் பின்பக்கம். பூட்டு தெரியாமல் ட்ரிகரை அழுத்தி ஸ்லைடை விடுவிக்கவே கூடாது. 870இல் மெதுவாக இழுத்தால் சேம்பர் தோட்டா வெளிவரும். கடைசிவரை இழுத்ததும் மேகசினிலிருந்து அடுத்தது தூக்கியின் (தோட்டாவைச் சேம்பர் மட்டத்துக்கு உயர்த்தும் தட்டு) மேல் வந்து விழும். துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்து, அதைப் பக்கத் திறப்பு வழியாக உருட்டி எடுத்த பிறகே ஸ்லைடை முன்னே தள்ளுங்கள். தீரும்வரை இதே முறை.

கடைசியில் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள்: சேம்பர், மேகசின் வாய் இரண்டும். மேகசின் வாயில் தோட்டாவைத் தள்ளும் மூடி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் துருப்பிடித்த ஸ்பிரிங்கோ நசுங்கிய குழாயோ உள்ளே ஒன்றைப் பிடித்து வைத்திருக்கலாம்.

களிமண்தட்டு:
செமி ஆட்டோவிலும் சேம்பர்தான் முதலில்: போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) கைப்பிடியை இழுத்தால் தோட்டா வெளிவரும். அடுத்தது தானாக வருமா, ஒரு நெம்பியை அழுத்த வேண்டுமா என்பது மாடலைப் பொறுத்தது. கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள். போல்ட் பின்னால் நின்றாலே மேகசின் காலி என்று அர்த்தமில்லை. விரலால் சோதிக்கும்போது போல்ட் பொத்தானில் கை படக்கூடாது. போல்ட் பலமாக மூடி விரலை நசுக்கும்.

அடிக்கட்டை:
மடக்குவதில் குழப்பமில்லை என்பதை ஏற்க மாட்டேன். குழல் வெடிக்கும் விபத்துகளில் மோசமான ஒன்று இதில் எளிதாக நேரும். 12 போரைவிட மெலிதான 20 போர் தோட்டா 12 போர் சேம்பரில் வழுக்கிச் சென்று, சற்று முன்னால் குழல் குறுகும் இடத்தில் சிக்கும். பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் காலியாகவே தெரியும். அதன்பின் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வந்தது இதனால்தான். இரண்டு போர் தோட்டாக்களையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.

நீளமும் முக்கியம். 76 மி.மீ. தோட்டா 70 மி.மீ. சேம்பருக்குள் போய்விடும், ஏனென்றால் அந்த அளவு சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் பொறித்த எண்ணைப் பார்த்தே போடுங்கள்.

மூடும்போது குழலைத் தூக்காமல், தோளில் வைக்கும் கட்டையை உயர்த்தி மூடுங்கள். குழல்வாய் தரையைப் பார்த்தபடியே இருக்கும்.

மணல்மேடு:
நன்றி. "டிக்" சத்தம் மட்டும் வந்து வெடிக்காவிட்டால்?

நீள்குழல்:
குழல்வாயைத் திருப்பாமல் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். மருந்து தாமதித்துப் பற்றலாம். பிறகு, திறப்புக்கு நேரே முகம் இல்லாதபடி திறந்து எடுங்கள். சுடும் சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக இருந்தாலும் நிறுத்திக் காலி செய்து, குழலுக்குள் வாட் (தோட்டாவுக்குள் மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவிலுள்ள அடைப்பு) சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா.