எல்ஃபுக்குத் தாடி உண்டா? விளையாட்டுகளும் மூலக்கதைகளும்

பழஞ்சுவடி:
பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை இரண்டாம் முறை தொடங்கினேன். எல்ஃப், அதாவது கூர்க்காதுள்ள கற்பனை இனத்தின் பாத்திரம் ஒன்றை உருவாக்க உட்கார்ந்தால், தாடி வகைகள் வரிசையாகத் திறக்கின்றன. எல்ஃபுக்குத் தாடி! இந்த விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதைவிளையாட்டு விதிகளின் ஐந்தாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2014இல் வந்த அந்தப் பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு, எல்ஃபுகளுக்கு முகத்தில் முடி வளராது, உடலிலும் மிகக் குறைவு என்று தெளிவாகச் சொல்கிறது. மந்திரம் முதல் வாள்வீச்சு வரை அந்தக் கையேட்டைப் பின்பற்றியவர்கள் முகத்துக்கு வரும்போது ஏன் கைவிட்டார்கள்?

சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். எல்ஃப் என்பது கூர்க்காது ஒட்டிய மனிதன் அல்ல. பல நூற்றாண்டுகள் வாழும் ஓர் இனம். அந்த வேறுபாட்டை நான் முதலில் காண்பது உருவத்தில்தான். உருவம் மனிதனுடையதாகவே இருந்தால், எழுநூறு வயது என்று வசனத்தில் சொன்னாலும் என் மனம் ஏற்க மறுக்கிறது.

மூன்றாம்பகடை:
எந்த மூலக்கதைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லூசன் எழுதியபடி, ஒளி எல்ஃபுகள் சூரியனைவிட அழகானவர்கள், இருள் எல்ஃபுகள் கீலைவிடக் கறுத்தவர்கள். அவர் காதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆங்கில நாவலாசிரியர் டோல்கீனை எடுத்துக்கொள்ளுங்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முழுவதிலும் எல்ஃபுகளுக்குக் கூர்க்காது என்று எழுதிய வரி கிடையாது. 1930களில் அவர் தொகுத்த சொல்மூலக் குறிப்புகளில்தான், எல்ஃபுகளின் காது மனிதக் காதைவிடக் கூரானது, இலை வடிவானது என்ற குறிப்பு இருக்கிறது. அதுவும் அவர் இறந்த பிறகு, 1987இல்தான் அச்சேறியது. அதில் வரும் எல்ஃப் வீரன் லெகோலாஸின் தலைமுடி என்ன நிறம் என்றுகூட நாவல் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. பொன்னிற முடி என்று டோல்கீனின் இன்னொரு நாவலான 'தி ஹாபிட்' சொல்வது அவனுடைய தந்தையைத்தான்.

தாடிக்கு வருகிறேன். கப்பல் கட்டும் கிர்டன், மூன்றாம் யுகத்தின் மிக மூத்த எல்ஃபுகளில் ஒருவர். நாவலின் கடைசி அத்தியாயத்தில் அவருக்கு நீண்ட தாடி! எல்ஃபுக்குத் தாடி கூடாது என்பவர்கள் அந்தப் பக்கத்தை மறுபடி படிக்க வேண்டும்.

பழஞ்சுவடி:
கிர்டனின் தாடியை நான் மறக்கவில்லை. அந்தத் தாடி என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. டோல்கீனின் பிற்காலக் குறிப்புகளில் அதற்கு விளக்கம் உண்டு: எல்ஃபுகளின் வாழ்வில் மூன்றாம் சுற்று என்று ஒன்று இருக்கிறது, அதை எட்டிய பிறகே தாடி வளரும். மஹ்தான் என்ற கொல்லர் ஒருவருக்கு மட்டும் இரண்டாம் சுற்றிலேயே வளர்ந்துவிட்டது. அதையும் விதிவிலக்கு என்றே எழுதிவைத்தார். ஆக, அங்கே தாடி என்றால் வயது, கணக்கிட முடியாத வயது. கிர்டனைக் கண்டதும் நமக்கு வரும் மலைப்பு மற்ற எல்ஃபுகள் மழுமழுவென்று இருப்பதால்தான் வருகிறது. எல்லோருக்கும் தாடி கொடுத்துவிட்டால் கிர்டன் யார்?

இன்னொன்று. எல்லா விளையாட்டும் டோல்கீனைப் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. தான் எந்த நூலின் மேல் நிற்பதாக ஒரு விளையாட்டு அறிவிக்கிறதோ, அந்த நூலுக்கு உண்மையாக இருக்கட்டும் என்கிறேன். அதே விளையாட்டில் உயரமும் தவறுதான். கையேட்டின்படி எல்ஃபுகள் பொதுவாக மனிதரைவிடச் சற்றே குட்டையானவர்கள். திரையிலோ மனிதரும் எல்ஃபும் ஒரே உயரம்.

இரவுக்காவல்:
உயரத்தில் மட்டும் உங்களைத் திருத்துகிறேன், பழஞ்சுவடி. நீங்கள் சொல்வது பொதுக் கையேடு. விளையாட்டின் கதை நடப்பதோ ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகில். அந்த உலகத்துக்கென்று 2001இல் தனி நூல் வந்தது. அங்குள்ள எல்ஃபுகள் பொதுக் கையேட்டின் எல்ஃபுகளைவிட உயரமானவர்கள், ஏறக்குறைய மனித உயரம். ஆகவே உயரம் தவறில்லை.

பழஞ்சுவடி:
சரி, உயரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த நூலை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். தாடியைத் திரும்பப் பெற மாட்டேன்.

உருவரைஞர்:
விளையாட்டுகளுக்கு முப்பரிமாண உருவங்கள் செய்வது என் தொழில். நூல்களைப் பற்றி நீங்கள் பேசுங்கள். உருவம் செய்யும் மேசையில் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

ஒரு பாத்திரத்தின் உடலுக்குள் ரிக் என்ற எலும்புச் சட்டகம் இருக்கிறது. நடை, ஓட்டம், வாள்வீச்சு, கட்டித் தழுவல் என எல்லா அசைவும் அதன் மேல்தான் ஏறுகின்றன. மனிதனுக்கும் எல்ஃபுக்கும் ஒரே ரிக் என்றால் ஒருமுறை செய்த அசைவு இருவருக்கும் பொருந்தும், கவசமும் அப்படியே. எல்ஃபுக்குக் கையை நீட்டி, தோளைக் குறுக்கினால் ஒவ்வொரு கவசத்தையும் மறுபடி பொருத்த வேண்டும். கதவுப் பிடியைத் தொடும் கை காற்றில் நிற்கும். இருவர் முகத்துக்கு முகம் பேசும் காட்சியில் கண்கள் சந்திக்காது. காது இருக்கிறதே, அது தனித் தொல்லை. தலைக்கவசம் போட்டால் கூர்க்காது இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டும். அதனால் கவசம் ஏறியதும் காதை மறைத்துவிடும் விளையாட்டுகள் உண்டு.

முன்பு நான் இருந்த ஒரு குழுவில், மெலிந்த நீண்ட உடலும் மனிதரிடமிருந்து வேறுபட்ட முழங்கால் வளைவும் கொண்ட எல்ஃபு ஒன்றை நான்கு மாதம் உழைத்துச் செய்தேன். அந்த நடையைப் பார்த்தால் மனிதன் இல்லை என்று தொலைவிலேயே தெரியும். கடைசியில் கவசங்களை இரண்டு தடவை செய்ய நேரமில்லை என்று சொல்லி, மனித உடலில் காதை மட்டும் மாற்றி வெளியிட்டார்கள். இன்றும் அந்த விளையாட்டின் படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆகவே தாடி இருக்கிறதே என்று கோபப்படுவதற்கு முன், எல்லா முகமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த அச்சில் தாடி ஏற்கெனவே இருக்கிறது. எல்ஃபுக்கு அதைக் கொடுப்பது எளிது.

சாம்பல்நிலம்:
நான் மோரோவிண்ட் காலத்து ஆள். 2002இல் வந்த அந்த விளையாட்டைப் பற்றிப் பேசாமல் இந்த உரையாடலை விட முடியாது. அது நடக்கும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் உலகின் டன்மர் எல்ஃபுகளுக்குச் சாம்பல் தோல், சிவந்த கண். அழகுக்காக யாரோ தேர்ந்த நிறம் அல்ல அது. அவர்களுடைய முன்னோர் சைமர்கள், பொன்னிறத் தோல் உடையவர்கள். செம்மலைப் போருக்குப் பின் நேர்ந்த துரோகத்துக்காக அசுரா தேவி சபித்தாள், இனம் முழுவதும் ஒரே நாளில் நிறம் மாறியது என்பது ஒரு தரப்புக் கதை. துரோகமே நடக்கவில்லை என்று கோயில் தரப்பு சொல்கிறது. அப்படியிருக்க, அந்தத் துரோகக் குற்றச்சாட்டுக்கு ஆளான, கோயில் வணங்கும் விவெக் என்ற வாழும் தெய்வத்தின் முன் போய் நில்லுங்கள். உடலின் ஒரு பாதி பொன்னிறம், மறு பாதி சாம்பல் நிறம். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே, நூல்கள் மறைத்த வரலாறு முழுவதும் அந்த உடலில் எழுதியிருக்கிறது. அன்று நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

2011இல் வந்த, அதே உலகின் ஸ்கைரிம் விளையாட்டில் வரும் ஃபால்மர்களும் அப்படித்தான். கண்ணில்லாமல் குகைகளில் ஊர்ந்து திரிகிறவர்கள் ஒரு காலத்தில் பனி எல்ஃபுகள். அடைக்கலம் தேடிப் போன இடத்தில் நிலத்தடியில் வாழ்ந்த ட்வெமர் என்ற எல்ஃப் இனத்தார் கேட்ட விலை, அவர்களுடைய பார்வை. மறு ஆண்டு வந்த துணைக்கதையில், கெடாமல் எஞ்சிய பனி எல்ஃபு ஒருவரைச் சந்திக்கிறோம். அந்த வெண்ணிற முகத்தைக் கண்ட பிறகு, அதுவரை நான் வெட்டி வீழ்த்திய ஃபால்மர் ஒவ்வொருவரும் நினைவுக்கு வந்தார்கள்.

கவனியுங்கள், டன்மர்களுக்குத் தாடி உண்டு. எனக்கு அது ஒருபோதும் உறுத்தியதில்லை. அந்த உலகம் அவர்களுக்குத் தாடி இல்லை என்று எங்கும் சொல்லவில்லை.

மூன்றாம்பகடை:
சாம்பல்நிலம் எழுதியது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பழஞ்சுவடியிடம் ஒன்று கேட்க வேண்டும், அதுதான் என்னை இந்த விவாதத்துக்கே இழுத்தது. மூலக்கதை, மூலக்கதை என்று இணையத்தில் அதிகம் குரல் எழுவது தாடிக்காக அல்ல. எல்ஃப் பாத்திரம் ஒன்று கறுத்த தோலோடு வந்தால்தான். அப்போது எல்லோரும் டோல்கீனின் பிற்சேர்க்கையிலிருந்து ஒரே வரியைக் காட்டுகிறார்கள்: எல்ஃபுகள் உயரமானவர்கள், வெளிர்தோலும் சாம்பல்நிறக் கண்களும் உடையவர்கள், ஃபினார்ஃபின் குடியைத் தவிர மற்றவர்களுக்குக் கருமுடி. அந்த வரியை எழுதியபோது தந்தை மனத்தில் வைத்திருந்தது நோல்டோர் என்ற ஒரு கிளையை மட்டுமே என்று அவருடைய மகன் கிறிஸ்டோபரே குறித்திருக்கிறார். அது எல்லா எல்ஃபுக்கும் பொருந்தும் என்றால் வன்யார் என்ற இன்னொரு கிளையின் பொன்முடி எங்கே போவது? எல்ஃப் அரசன் திங்கோலின் வெள்ளிமுடி?

விதி என்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் அது தாடியோடு நிற்பதில்லை. ஆட்டக்காரர் தன்னைப் போன்ற முகத்தை அந்த உலகத்தில் காண ஆசைப்பட்டால், கதவைச் சாத்துவதற்கு அதே விதி பயன்படுகிறது. அதனால்தான் நான் எல்லாத் தேர்வும் திறந்திருக்கட்டும் என்கிறேன்.

பழஞ்சுவடி:
இந்தக் கேள்விக்கு வளைக்காமல் பதில் சொல்கிறேன். அப்படிக் கூச்சலிடுபவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். நான் முதல் பதிவில் காட்டிய அதே 2014 கையேட்டில், அதே இடத்தில், எல்ஃபுகளின் தோல் மனிதரிடம் காணும் எல்லா நிறங்களிலும் இருக்கும், அதோடு செம்பு, வெண்கலம், நீலம் கலந்த வெண்மையும் உண்டு என்று எழுதியிருக்கிறது. கறுத்த எல்ஃபு வேண்டுமா? நூலே தருகிறது. நூலைப் படிக்காதவர்கள்தான் நூலின் பெயரால் கதவைச் சாத்துகிறார்கள். அவர்களை மறுக்க எனக்கும் அந்த நூலே துணை. எல்லாமே விருப்பம்தான் என்றால், அவர்களுடைய வெறுப்பும் ஒரு விருப்பம் என்று வந்து நிற்கும்.

விதிவிலக்கு கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அதே பால்டர்ஸ் கேட் 3இல் ஹால்சின் என்ற எல்ஃப் பாத்திரம் இருக்கிறார், மலைபோன்ற உடம்போடு. எல்ஃபு இவ்வளவு பெரிதாக இருக்க முடியுமா என்று கதையே பேசுகிறது. அதனால் அவரை நான் ஏற்றுக்கொண்டேன். விதி இன்னதென்று தெரிந்து, வேண்டுமென்றே மீறி, அதைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். தாடிப் பட்டியலில் அந்த அக்கறை இல்லை.

இரவுக்காவல்:
டிராகன் ஏஜ் விளையாட்டு வரிசை பற்றி யாரும் பேசவில்லையே. 2009இல் வந்த முதல் விளையாட்டில் எல்ஃபுகள் குட்டையான மனிதர்களாகவே இருந்தார்கள். 2011இல் இரண்டாம் விளையாட்டில் மூக்கு, கண், எலும்பு எல்லாம் மாற்றி, தனி இனம் என்று பார்த்தவுடன் தெரியும்படி செய்தார்கள். முகம் பிடிக்கவில்லை என்று பலர் கோபித்தார்கள். எனக்குப் பிடித்தது. அந்த உலகில் எல்ஃபும் மனிதனும் கூடிப் பெற்ற பிள்ளை மனித உருவத்தோடுதான் பிறக்கும். தங்கள் முகமே அடுத்த தலைமுறையில் அழிந்துவிடும் என்று அஞ்சும் ஓர் இனம் அது. அந்த முகம் மனித முகத்திலிருந்து விலகி இருந்தால்தான் அந்த அச்சம் நமக்கும் புரியும்.

உருவரைஞர்:
இரவுக்காவல் சொன்னது சரி. அத்தகைய மாற்றத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இன்னொரு எடுத்துக்காட்டு தருகிறேன். பால்டர்ஸ் கேட் 3 செய்த அதே லாரியன் நிறுவனம் 2017இல் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 கொண்டுவந்தது. அங்கே எல்ஃபுகள் நெட்டையாக, ஒடிசலாக, மரக்கிளை போல இருப்பார்கள். இறந்தவரின் தசையை உண்டு அவருடைய நினைவுகளைப் பெறுபவர்கள். ஒரே கவசத்தை மனிதன் அணிந்தால் ஒரு தோற்றம், எல்ஃபு அணிந்தால் வேறு தோற்றம். மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இரண்டாம் கவசம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை இரவுகள் போயிருக்கும் என்று நான் அறிவேன். முடியாது என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது. நேரம் கொடுத்தார்கள், முடிந்தது.

மூன்றாம்பகடை:
பழஞ்சுவடி, தோல் பற்றிய உங்கள் பதிலை முழுமனத்தோடு ஏற்கிறேன். தாடியில் மட்டும் என் இடத்திலேயே நிற்கிறேன். என் எல்ஃபு ஒரு கிழவர். ஆயிரம் கப்பல்கள் கட்டியவர் என்று நானே கதை எழுதி வைத்திருக்கிறேன். நீண்ட வெள்ளைத் தாடி. அந்தத் தேர்வை எடுத்துவிட்டிருந்தால் அவர் பிறந்திருக்கவே மாட்டார்.

பழஞ்சுவடி:
உங்கள் கிழவர் கிர்டனின் வழிவந்தவர். அவருக்குத் தாடி இருக்கட்டும். ஆனால் அந்த விளையாட்டில் ஒருவராவது அவரை நிறுத்தி, உங்கள் இனத்தில் யாருக்கும் இல்லாதது உங்களுக்கு மட்டும் எப்படி வளர்ந்தது என்று கேட்டார்களா?

மூன்றாம்பகடை:
இல்லை. நூறு மணி நேரம் விளையாடியும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் பதில் இருந்தது.