கிளிநொச்சிப் பக்கம் பூச்சோடனைத் தொழில்: குளிர்ப்பெட்டி இல்லாமல் தொடங்கலாமா?

பூக்குடலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சி ரவுணுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு ரோட்டுக்கரையில ஒரு அறை இருக்கு. பொக்கே, கலியாண மாலை, மணவறைச் சோடனை, மலர்வளையம் எல்லாம் செய்து குடுக்கிற தொழிலா இதைத் தொடங்க யோசினை. மாலை கட்டவும் குருத்தோலை பின்னவும் கைப்பழக்கம் இருக்கு. றோசா, ஜெர்பரா மாதிரி மலைநாட்டுப் பூவில பழக்கம் குறைவு. போடக்கூடிய முதல் 2 லட்சம் ரூபா.

கேள்விகள் இதுதான். கண்ணாடிக் குளிர்ப்பெட்டி கட்டாயம் வேணுமா? பூவை எங்கயிருந்து, எப்பிடி எடுக்கிறது? விலை எப்பிடிப் போடுறது? இஞ்ச எல்லாரும் பிளாஸ்ரிக் பூ மணவறையைத்தான் வாடகைக்கு எடுக்கினம், உண்மைப் பூவுக்கு ஆக்கள் காசு குடுப்பினமா?

அண்ணைமார், அக்காமார் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ.

ஏ9_பார்சல் எழுதியது:

பிள்ளை, 2 லட்சத்தில குளிர்ப்பெட்டி வாங்காதேங்கோ. முதல் முழுக்கக் கண்ணாடிக்குள்ள நிண்டிடும், பூ வாங்கக் கையில ஒண்டும் மிஞ்சாது. முதல் வருசம் ஓடருக்கு மட்டும் பூ எடுங்கோ. கடையில அடுக்கி வைச்சு விக்கிற யோசினை வேண்டாம்.

பூ வாற வழி: நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பூவைக் கொழும்பில இறக்கித் திரும்ப வடக்க ஏத்தினால் பூவுக்கு ஒரு நாள் ஆயுள் போகும். ஏ9 தொடங்கிறதே கண்டியில. மாத்தளை, தம்புள்ளை, வவுனியா எண்டு நேர உங்கட வாசலுக்கு வருது. தோட்டக்காரரிட்ட அல்லது மொத்த வியாபாரியிட்டக் கண்டி வரைக்கும் அனுப்பச் சொல்லி, அங்கயிருந்து இரவு பஸ்ஸில பார்சல் போடுங்கோ. விடியமுன்னம் எடுத்திடலாம். பகல் பஸ் வேண்டாம். எஞ்சின் பக்கத்துச் சூட்டில வைச்சாங்கள் எண்டால் பூ அவிஞ்சு வரும்.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது எண்டும் பாக்கவேணும். றெஜிபோம் பெட்டி நல்லது, ஆனால் புதுசு வேணும், மீன் வந்த பெட்டி எவ்வளவு கழுவினாலும் மணக்கும். அடியில உறைஞ்ச தண்ணிப் போத்தல் 2, அதை 4 மடிப்புப் பேப்பரில சுத்தி, பூவில தொடாமல். றோசா, கார்னேசன், செவ்வந்திக்கு இது சரி. ஓர்க்கிட்டையும் அந்தூரியத்தையும் இந்தப் பெட்டிக்குள்ள போடவே கூடாது. 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழ போனால் ஓர்க்கிட் கண்ணாடி மாதிரி ஊறும், அந்தூரியம் ஊதாக் கறை பிடிக்கும். மாம்பழம், வாழைப்பழம் ஏத்தின இடத்தில பூப்பெட்டியை வைக்க விடாதேங்கோ. பழத்தில இருந்து வாற எதிலீன் காத்துப் பட்டால் கார்னேசன் இதழ் உள்ளுக்குச் சுருண்டு நித்திரை கொண்டிடும், பிறகு எழும்பாது.

வந்து இறங்கின உடன செய்யவேண்டியது: வாளியை ஒரு மூடி பிளீச் விட்டுத் தேய்ச்சுக் கழுவி, தண்ணி மட்டத்துக்குக் கீழ வாற இலையை எல்லாம் கிள்ளி, தண்டைச் சாய்வா 2 தொடக்கம் 3 சென்ரிமீற்றர் வெட்டி நிறுத்திறது. மரக்கறிக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், கூர்க்கத்தி எடுங்கோ. 4 மணித்தியாலம் ஆவது தொடாமல் இருட்டறையில விடுங்கோ. ஜெர்பராவுக்கு 5 தொடக்கம் 7 சென்ரிமீற்றர் தண்ணி போதும், கூட விட்டால் மயிர்த்தண்டு அழுகும். கார்னேசனைக் கணுவில வெட்டாமல் ரெண்டு கணுவுக்கு நடுவில வெட்டவேணும். கழுத்துத் தொங்கின றோசாவைக் குப்பையில எறியமுன்னம் தண்டைத் தண்ணிக்குள்ள வைச்சே திரும்ப வெட்டி, கை பொறுக்கிற சுடுதண்ணியில, ஒரு 40 பாகை, முழுப்பூவையும் படுக்கப் போடுங்கோ. தண்டுக்குள்ள காத்துக்குமிழி அடைச்சதாலதான் தொங்கினது எண்டால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள நிமிரும். வெளி இதழ் ரெண்டு மூண்டு கறுத்திருந்தாலும் கடைசிவரை கழட்டாதேங்கோ, அது உள்ளிதழுக்குச் சட்டை.

இனித் தண்ணி. வன்னியில தொழில் பிழைக்கிறது பெரும்பாலும் இதாலதான். எங்கட கிணத்துத் தண்ணி பல இடத்தில வன்தண்ணி, வறண்ட வலயத்தில புளோரைட்டும் கூட. ஜெர்பராவும் கிளாடியோலசும் புளோரைட்டுக்கு உடன காட்டிக் குடுக்கும், இதழ் ஓரம் தீஞ்ச மாதிரி வரும். பழம்பூ தந்திட்டான் எண்டு வியாபாரியோட சண்டைக்குப் போகமுன்னம் தண்ணியைப் பாருங்கோ. மாரியில மழைத்தண்ணியைப் பிடிச்சு மூடி வைக்கலாம், கோடையில வடிகட்டி விக்கிற ஆர்.ஓ. தண்ணி வாங்கலாம். 1 லீற்றருக்குச் சீனி 1 தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 2 தேக்கரண்டி, பிளீச் கால் தேக்கரண்டி. பிளீச்சையும் புளியையும் நேர கலந்து போடாதேங்கோ, நச்சுக்காத்து வரும். தண்ணியில ஒவ்வொண்டா விடுங்கோ. பிளீச் போடாமல் சீனியை மட்டும் போட்டால் கிருமி வளந்து தண்டு அடைக்கும், அதுக்கு ஒண்டும் போடாமலே விடலாம்.

குளிர்ப்பெட்டிக்குப் பதில் ஈரச்சாக்கு. சோளகம் அடிக்கிற ஆனி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் காத்துக் காஞ்சிருக்கும், யன்னலில ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுக் காத்தாடி ஒண்டு போட்டால் அறை நல்லாத் தணியும். மாரியில இதைச் செய்யாதேங்கோ. ஏற்கெனவே ஈரக்காத்து, சாக்கு குளிராது, றோசா மொட்டில சாம்பல் பூஞ்சணம் மட்டும் வரும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே சொன்னவற்றில் மறுப்பில்லை. நான் விலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இங்கே கைத்திறன் உள்ள பலர் கடையை மூடுவது பூ வாடியதால் அல்ல, விலை சொல்லத் தெரியாததால்.

வழமையான பிழை, பூ வாங்கிய காசை இரண்டால் பெருக்குவது. ஒரு மணவறைச் சோடனையை எடுப்போம். இலக்கங்கள் கணக்குக்காக மட்டும், சந்தை விலை அல்ல. பூவும் இலையும் 40,000. வாடல், உடைவு 15 வீதம் என்றால் 6,000. பூக் குத்தும் பஞ்சுக்கட்டி, கம்பி, நாடா, நூல் 8,000. இரவு பூட்டுவதற்கும் மறுநாள் கழற்றுவதற்கும் 4 பேர், ஆளுக்கு 4,000 வீதம் 16,000. வாகனம் 7,000. கூட்டினால் 77,000. நீங்கள் 80,000 கேட்டிருந்தால் 3,000 மிச்சம். அதற்குள் உங்கள் இரண்டு இரவு நித்திரையும், வடிவம் யோசித்த நேரமும், அறை வாடகையும் அடங்கவேண்டும்!

சரியான வழி, எல்லாச் செலவையும் கூட்டி அதை 0.65 ஆல் பிரிப்பது. அப்போது சொல்லும் விலையில் 35 வீதம் உங்கள் உழைப்புக்கும் வாடகைக்கும் மிஞ்சும். 77,000 ஐப் பிரித்தால் ஏறக்குறைய 118,500 வரும். அதற்குக் கீழே போகவேண்டி வந்தால் விலையைக் குறைக்காமல் பூவைக் குறையுங்கள்: தூண் நான்கையும் மூடாமல் முன்தூண் இரண்டை மட்டும் மூடுங்கள். விலையை ஒருமுறை குறைத்தால் அதுவே ஊருக்கெல்லாம் உங்கள் விலையாகிவிடும்.

முற்பணம் பாதி, பூ ஓடர் போடுமுன் கையில் வரவேண்டும். எழுத்தில் இரண்டு வரி கட்டாயம்: "நிறமும் அளவும் உறுதி. குறித்த பூ வராவிட்டால் அதே நிறத்தில் வேறு பூ போடப்படும்." இணையத்தில் ஐரோப்பியப் படத்தைக் காட்டி இதேதான் வேண்டும் என்பார்கள். படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்களே 5 மாதிரி செய்து, காலை வெளிச்சம் விழும் வாசலில் வைத்துப் படமெடுத்து அதைக் காட்டுங்கள். பூச்செலவு ஒருமுறை, படம் பல மாதம் உழைக்கும்.

வெளிநாட்டு உறவுகள் பிறந்தநாளுக்கு இங்குள்ள அம்மா, அப்பாவுக்குப் பொக்கே அனுப்பச் சொல்வது நல்ல வருமானம், ஏனெனில் முழுக்காசும் முதலிலேயே வங்கிக்கு வரும். கொடுக்கும்போது எடுத்த படத்தை உடனே வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அடுத்த ஓடர் அந்தப் படத்தில்தான் வரும். தூரத்துக்குத் தனிக் கட்டணம் எழுதிவிடுங்கள். முல்லைத்தீவுக்கும் மல்லாவிக்கும் ஒரே விலை சொன்னால் பெற்றோலில் போய்விடும். காசுத்தாள் பொக்கே கேட்பார்கள். தாளில் பசையோ ஸ்ரேப்பிளோ படக்கூடாது. நாணயத்தாளை வேண்டுமென்று சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம். சிறு ஒளியூடுபுகும் உறைக்குள் தாளைச் சுருட்டி வைத்து, உறையைக் கம்பியில் கட்டுங்கள்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள், அதற்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான ஆவணமும் கேட்பார்கள். பதிவுத் துண்டு இருந்தால்தான் கடையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். அனுமதி ஏதும் வேண்டுமா என்று பிரதேச சபையிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. அந்த இரண்டு மாத வாடகையைத் தையிலும் வைகாசியிலும் எடுத்து வைக்காதவர்களுக்கு ஆவணி பிறக்கும்போது கடன் இருக்கும்.

பூக்குடலை எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி, 0.65 கணக்கை எழுதிச் சுவரில ஒட்டிப்போட்டன். இன்னொண்டு. இஞ்ச குளங்களில தாமரை நிறைய இருக்கே, அதைப் பொக்கேக்கும் மலர்வளையத்துக்கும் பாவிக்கலாமா? வளையத்துக்குப் பஞ்சுக்கட்டி விலை கூட, வேற வழி இருக்கா?

குளக்கட்டு எழுதியது:

தாமரை பாவிக்கலாம், ஆனால் அதின்ர குணம் தெரியவேணும். மொட்டை வெட்டினாப் பிறகு தானா விரியாது. விரியும் எண்டு வாளியில வைச்சுக் காத்திருந்தால் வெளியிதழ் கறுத்து, மொட்டாவே செத்திடும். வெயிலுக்கு முன்னம் வெட்டி, வெட்டின இடத்திலயே தண்ணிக்குள்ள தாட்டுக் கொண்டு வந்து, இதழைக் கையால உள்ளுக்கு மடிச்சு விரிக்கவேணும். வெளி அடுக்கு பச்சை இதழைக் கழட்டிப்போட்டு, அடுத்த அடுக்கை நுனி உள்ளுக்குப் போற மாதிரி முக்கோணமா மடிச்சால் நிக்கும். தண்டுக்குள்ள காத்துக்குழாய், பாலும் வடியும், அதால தண்ணி நல்லா ஏறாது. காலமை வெட்டினதை அண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள பாவிச்சு முடியுங்கோ. கொண்டு போகேக்க அதின்ர இலையாலயே மூடுங்கோ, அதைவிட நல்ல பை கிடையாது.

குளத்தில இறங்கமுன்னம் கமக்காரர் அமைப்பிட்டக் கேளுங்கோ. முதலையிட்டயும் கேக்கலாம், அது பதில் சொல்லாது. தோணியில போய் வெட்டிற ஆளிட்ட விலைக்கு வாங்கிறதுதான் புத்தி.

வளையத்துக்கு வைக்கோல். வன்னியில இருந்துகொண்டு பஞ்சுக்கட்டி வட்டுக்குக் காசு குடுக்கிறது அநியாயம். முடிச்ச வளையம் 18 அங்குலம் வாறதுக்கு, 15 அங்குல வட்டமாக் கம்பியை வளைச்சு, தண்ணி தெளிச்ச வைக்கோலை 3 அங்குலத் தடிப்பாச் சுத்தி, 2 அங்குலத்துக்கு ஒருக்கா நூலை இறுக்கிக் கட்டுங்கோ. ஈரமில்லாத வைக்கோல் முறியும், கட்டும் நெகிழும். அதுக்குமேல வாழைமடலைச் சுத்தினால் பூவுக்கு ஈரமும் இருக்கும், வைக்கோலும் தெரியாது. 2 அங்குலப் பூ எண்டால் வெளிவரிசைக்கு 28, நடுவுக்கு 24, உள்ளுக்கு 19, ஆக 70 பூ சொச்சம். தண்டு குறுகின பூவை 22 ஆம் இலக்கக் கம்பியில குத்தி, ரெண்டு நுனியையும் பின்னால மடக்குங்கோ. மடக்காமல் விட்டால் சவப்பெட்டியடியில நிக்கிற ஆளின்ர கையைக் கிழிக்கும்.

பஞ்சுக்கட்டி எடுக்கிற இடத்தில ஒரு சின்ன விசயம். அதைத் தண்ணியில வைச்சுக் கையால அமத்தாதேங்கோ, தானா ஊறித் தாழவேணும். அமத்தினால் வெளியில ஈரமாத் தெரியும், நடுவுக்குள்ள காஞ்ச காத்து நிக்கும், அதில குத்தின பூ மத்தியானத்துக்குள்ள வாடும். ஒருக்காக் குத்தி எடுத்த ஓட்டையிலயும் திரும்பக் குத்தாதேங்கோ.

மல்லிகைக்கு நைலோன் நூல் வேண்டாம், காம்பை அறுக்கும். நனைச்ச வாழைநார்தான். பின்னேரக் கலியாணம் எண்டால் காலமை பிடுங்கின மொட்டு, விடியக்காலமை முகூர்த்தம் எண்டால் முதல் நாள் மொட்டை ஈரத்துணியில சுத்திக் குளிரில வைச்சு விரியவிடாமல் பிடிக்கவேணும்.

வத்தாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில வரும், மடு மாதா திருவிழா ஓகஸ்ற் 15. ரெண்டுக்கும் முன்னம் மாலைப்பூ கிடையாது, ஒரு கிழமைக்கு முன்னமே சொல்லி வையுங்கோ. தேவாலய ஓடர் எடுக்கிறியள் எண்டால் தபசுகாலத்தில பீடத்துக்குப் பூ வைக்கமாட்டினம், அந்த 40 நாளும் கணக்கில இராது.

செண்டுப்பூ எழுதியது:

பிளாஸ்ரிக் கேள்விக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. அதோட சண்டை பிடிச்சு வெல்ல ஏலாது. ஒரு மணவறைப் பிளாஸ்ரிக் 30 கலியாணத்துக்கு ஓடும், உங்கட பூ ஒரு கலியாணத்துக்கு. பின்சுவரையும் மேற்கூரையையும் குருத்தோலை, பனையோலை, கமுகம்பாளையால முடியுங்கோ. தோரணம் பின்னத் தெரிஞ்ச கை உங்களிட்ட இருக்கு, அது பிளாஸ்ரிக்காரரிட்ட இல்லை. உண்மைப் பூவைப் படமெடுக்கிற இடத்தில மட்டும் போடுங்கோ: மாலை, இருக்கைக்கு ரெண்டு பக்கம், வாசல். மணம் அங்கதான் தெரியும்.

பிளாஸ்ரிக்கையும் உண்மைப் பூவையும் ஒரே கொத்துக்குள்ள கலக்கிறதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டன். பின்னேரம் ஒண்டு வாடி மற்றது பளபளவெண்டு நிக்கும், ரெண்டும் கெட்டுப்போகும்.

பின்வளவு இருந்தால் எல்லாத்தையும் வாங்காதேங்கோ. செண்டு, கோழிக்கொண்டை, வாடாமல்லி, நிலச்சம்பங்கி நாலும் எங்கட மண்ணில வரும். செண்டு விதைச்சு 25 நாளில நாத்து, நட்டு 30 நாளில நுனி கிள்ளு, நட்டதில இருந்து 60 நாள் சொச்சத்தில பூ. தைப்பொங்கலுக்கு வேணுமெண்டால் ஒக்ரோபர் நடுவுக்கு முன்னம் விதை. அது கார்த்திகை மழைக்குள்ள போகும், 20 சென்ரிமீற்றர் உயரப் பாத்தி இல்லாட்டி வேர் அழுகும். ஒரு அடி மாலைக்கு 12 தொடக்கம் 14 பூ எண்டு வைச்சு எத்தினை செடி எண்டு பாருங்கோ. கோழிக்கொண்டையையும் வாடாமல்லியையும் நெற்கதிரோட தலைகீழா இருட்டில ரெண்டு கிழமை தொங்கவிட்டால் காஞ்ச பொக்கேக்கு ஆகும், ஆடி மாதத்தில விக்கலாம். ஓர்க்கிட் வளக்கிறது எண்டால் 50 வீத நிழல்வலை, சட்டிக்குத் தென்னந்தும்பும் கரியும்.

வேலியை முதல் அடையுங்கோ. கட்டாக்காலி மாடு ஒரு இரவு போதும்.