கதவு வரை போகும் நேரம்: குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்கள் பற்றி நம் அனுபவங்கள்

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை:
இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது. வருஷா வருஷம் நவம்பரில் ஆயுள் சான்று நகல் எடுக்க ஒரு பெரியவர் கடைக்கு வருவார். விமானப்படை பென்ஷன்காரர். கான்பெரா குண்டுவீச்சு விமானத்தில் நேவிகேட்டர், அதாவது வழி பார்த்துக் குண்டு போடுபவர். பாகிஸ்தானோடு நடந்த 65, 71 இரண்டு போரிலும் பறந்தவர். கான்பெரா தெரியும்தானே, ஆக்ராவிலிருந்து கிளம்பி ராத்திரியோடு ராத்திரியாகப் பெஷாவரில் குண்டு போட்டுவிட்டு வந்ததே, அது. ஆள் இரண்டே பேர்.

"பயமா இருக்காதா சார்?" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்படியே என் கடை மேஜைமேல் குப்புறச் சாய்ந்து படுத்தார். எண்பதை நெருங்கும் மனிதர், வேட்டியோடு. "இப்படித்தாம்பா. விமானத்தோட மூக்குல படுத்துக்கிட்டு, கண்ணாடி வழியா கீழ பாக்கணும்." பைலட்டுக்கு எஜெக்‌ஷன் சீட் உண்டு, இழுத்தால் ஆள் வெளியே. நேவிகேட்டருக்கு அது கிடையாது. எழுந்து, பக்கவாட்டுக் கதவு வரை நகர்ந்து, பாராசூட்டோடு குதிக்க வேண்டும். "நான் கதவுக்குப் போற வரைக்கும் அவன் விமானத்தை நேரா புடிச்சிருக்கணும். ஒவ்வொரு தடவையும் ஏறுறதுக்கு முன்னாடி என் தோளைத் தட்டி, 'நீ போனப்புறம்தான் நான்'னு சொல்லுவான்."

இன்னும் படுத்தபடிதான் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ப்ராஜெக்ட் பைண்டிங்குக்கு நாலு பையன்கள் காத்திருந்தார்கள். "சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றேன். எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த நவம்பரில் அவர் வரவில்லை.

செங்குன்றத்துக்காரன்:
எங்கள் ஏரியிலேயே விமானம் இறங்கியது நிறையப் பேருக்குத் தெரியாது. 1942 ஜூலையிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் படைப்பிரிவு இங்கேதான் இருந்தது. கேட்டலினா, தண்ணீரில் இறங்கும் விமானம். தாத்தா அவர்களுக்குப் படகு தள்ளியவர். நீர்மூழ்கிகளைத் தேடி வங்காள விரிகுடாவுக்குப் போவார்கள், காலையில் போனால் திரும்ப நள்ளிரவு ஆகிவிடும். இருட்டில் இறங்குவதற்குப் படகுகளில் விளக்கு ஏற்றி வரிசையாக நிறுத்த வேண்டும்.

ஒரு ராத்திரி விளக்கு ஏற்றினார்கள், விமானம் வரவில்லை. எண்ணெய் தீரத் தீர ஊற்றினார்களாம். கிழக்கு வெளுத்த பிறகும் அணைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அந்த வெள்ளைக்கார அதிகாரி கரையில் நின்றுகொண்டே இருந்தாராம். கடைசியில் தாத்தாவாக ஒவ்வொன்றாக ஊதி அணைத்திருக்கிறார். சாகும் வரை அதையேதான் சொன்னார்: "நான்தான்டா அணைச்சேன்."

வியாசர்பாடி பர்மாக்காரி:
எல்லாரும் மேலே இருந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கீழே இருந்தவள் எங்கள் ஆயா. 1941 டிசம்பர் 23, ரங்கூன். அவருக்கு ஆறு வயது. முன்னே பின்னே குண்டு விழுந்து பார்த்திராத ஊர். ஜப்பான் விமானங்கள் வெயிலில் மின்னுவதைப் பார்க்க ஜனங்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். ஆயாவின் அண்ணனும் நின்றார்.

2024 அக்டோபரில் மெரினாவில் விமான சாகசம் நடந்ததே, அதற்கு ஒத்திகை பார்த்த நாட்களில் ஜெட் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. என் மகன் மொட்டை மாடிக்கு ஓடினான். முட்டி வலியால் படியே ஏறாத ஆயா அன்றைக்கு ஏறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். "வேடிக்கை பாக்க நிக்காதடா" என்று அது ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். பையன் கையில் அவர் நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. குண்டு போட்டவனுக்கும் தைரியம் இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

காசிமேடு:
அக்கா, ஆயா பட்டதை யாரும் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பான் கப்பற்படையைக் கண்டுபிடித்தது ஒரு கேட்டலினாதான். அதன் பைலட் கனடாக்காரர் பிர்ச்சால், இலங்கையில் கொக்கலா தளத்துக்கு வந்து இரண்டே நாள். அடிவானத்தில் புள்ளி மாதிரி தெரிந்ததை என்னவென்று பார்க்கக் கிட்டே போனார். திரும்பி ஓடியிருக்கலாம். சுட்டு வீழ்த்தப்படுவதற்குள் செய்தியை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தபோது துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் ஏற்கெனவே வெளியே போயிருந்தன. விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் மூன்று பேர் செத்தார்கள், மற்ற ஆறு பேரும் ஜப்பானியரிடம் கைதிகள். ஏப்ரல் 9-ல் அதே கப்பற்படையைத் தாக்க பிரிட்டிஷாரின் ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் போயின. திரும்பியது நாலு.

ஜெராக்ஸ் அண்ணன் சொன்ன "நீ போனப்புறம்தான் நான்" வெறும் பேச்சு இல்லை. 1942 மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் குண்டு போட்டுத் திரும்பும்போது மேன்சர் என்ற பிரிட்டிஷ் பைலட் அதையேதான் செய்தார். ஒரு எஞ்சின் எரிந்துபோன விமானத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைக் குதிக்க வைத்தார். ஒருவர் பாராசூட்டை எடுத்துக் கொடுத்தும் வேண்டாம் என்று கை காட்டிவிட்டார். வயது 20. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை.

என் அனுபவம் சின்னதுதான். அம்மாவை நந்தம்பாக்கம் பக்கம் டாக்டரிடம் காட்டப் போனபோது, வெயிலுக்கு ஒதுங்கிப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன். ஒரு கல்லில் விமானப்படை முத்திரை, வயது 21. என் தம்பிக்கு அப்போது 21. அதற்கு மேல் எந்தக் கல்லையும் படிக்க முடியவில்லை.

கொருக்குப்பேட்டை வாத்தியார்:
என் பெரியப்பாவும் விமானப்படைதான், தரையில் வேலை. ஒன்றும் கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன், அவ்வளவுதான் என் கதை. அதனால் சொல்கிறேன், வியாசர்பாடி தங்கச்சி, ஆயா பேசுவதை இந்த வாரமே போனில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், சத்தம் இரையும். "பயந்தீங்களா" என்று கேட்காதீர்கள், "ஆமா" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டார்கள், வாசல் எந்தப் பக்கம், அண்ணன் என்ன சட்டை போட்டிருந்தார், இப்படிக் கேளுங்கள். மற்றது தானாக வரும். நடுவில் அழுதால் பேச்சை மாற்றாதீர்கள், தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். பழைய தாள், பாஸ்போர்ட் எது இருந்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், பின்பக்கம்தான் பெரும்பாலும் ஏதாவது எழுதியிருக்கும். செங்குன்றம் தம்பி, தாத்தா படகு நிறுத்திய கரை எது என்று குறித்து வையுங்கள். ஜெராக்ஸ் தம்பி, அந்தப் பைலட் யார், என்ன ஆனார் என்று பெரியவர் ஏதாவது சொன்னாரா?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை:
இல்லை சார், நான் கேட்கவே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நவம்பரில் அவர் எப்போதும் இரண்டு தாள் கொண்டுவருவார். ஒன்று அவருடையது. இன்னொன்று ஒரு அம்மா பெயரில், குடும்பப் பென்ஷன். அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வார். அவர் தங்கச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.