மறுமொழி: வாய்க்கால் நிதி, தலைக்கு 15,000

(சிங்கப்பூர், கீழத்தெரு)
அனைவருக்கும் வணக்கம். நம் ஊர் வாய்க்காலுக்குக் காங்கிரீட் போட, வெளிநாட்டில் இருக்கும் நம்மிடம் பணம் கேட்டுத் தலைவர் அண்ணன் அனுப்பிய மதிப்பீட்டில் மொத்தத் தொகையும் தலைக்கு எவ்வளவு என்பதும் இருக்கிறது. நீர்வளத் துறை அனுமதி பற்றி ஒரு வரி இல்லை. கணக்கை மஸ்கட் மச்சான் கேட்பார், நான் வேறொன்று கேட்கிறேன்.

ஊருக்குப் போயிருக்கும் அக்கா, மேலத்தெருப் பக்கம் போட்ட காங்கிரீட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டு பக்கமும் சுவர், அடியிலும் சிமெண்ட். மேட்டூர் திறந்து கோரையாற்றுப் புதுத்தண்ணீர் வந்தால் கெளுத்தியும் குரவையும் எதிர்த்து ஏறி, மடை வழியாக வயலுக்குள் போய் முட்டையிடும். விரால் கரையோரப் புல்லில்தான் முட்டை வைத்துக் குஞ்சுகளைக் காவல் காக்கும். கோடையில் ஆரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். சிமெண்டில் எங்கே புதையும்? கடைசியில் 1952-ல் இந்தியாவுக்கு வந்த சிலேபி (திலாப்பியா) மீன்தான் மிஞ்சும். தண்ணீரும் பூமிக்குள் இறங்காது. அப்புறம் கீழத்தெருக் கைப்பம்பைக் காற்றுக்குத்தான் அடிக்க வேண்டும்.

அதே பணத்தில் வாய்க்காலை அடைத்து நிற்கும் காட்டாமணக்கை வேரோடு பிடுங்கலாம். வெட்டிப் போட்டால் தண்டு மறுபடி வேர்விடும், போன தடவை அதைத்தான் செய்தார்கள். ஆகாயத்தாமரையை அள்ளி, ஷட்டரைச் சரிசெய்து, ஐயனார் கோயில் மடுவைத் தூர்க்காமல் ஆழமாக விடுங்கள். வாய்க்கால் வற்றும்போது மீனுக்கு அதுதான் புகலிடம். குளத்தைக் குத்தகை எடுத்து, தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்தில் அது வாய்க்காலுக்கும் வந்துவிட்டது. அதற்கு யார் பதில் சொல்வது?

(துபாய், மேலத்தெரு)
தம்பி, மீன் பாடம் போதும். சுத்துப்பட்டு ஊரெல்லாம் காங்கிரீட் போட்டாயிற்று, நம் ஊர் மட்டும் மண் வாய்க்காலை வைத்துக்கொண்டு நிற்பதா? நாங்கள் கடைமடை. தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று காய்கிறது. குத்தகை விஷயத்தை இழுத்தால் உன் அப்பா களத்துமேட்டில் வேலி நகர்த்தியதையும் நான் பேச வேண்டியிருக்கும். மற்றபடி, மடுவில் நீயும் நானும் தூண்டில் போட்டது மறக்கவில்லை. அன்றைக்கு விரால் பிடித்தது நான்தான்.

(மஸ்கட்)
மடுவும் வேண்டும், கடைமடைக்குத் தண்ணீரும் வேண்டும். சுவரா காட்டாமணக்கா என்பதைப் பிறகு பேசலாம். 2018 கஜா புயல் நிதிக்கு ரசீது எங்கே? அது வரும்வரை என் 15,000 என்னிடமே இருக்கட்டும்.