கேஎல்-இல் (கோலாலம்பூர்) பீகல் நாய் தத்தெடுக்க எங்கே தேடுவது?

செந்தூல்வாசி: வணக்கம். செந்தூலில் தரை வீடு, பகலில் அம்மா இருப்பார். கடையில் வாங்காமல் காப்பகத்தில் பீகல் எடுக்க ஆசை. எங்கே கேட்கலாம்? எதைப் பார்த்து எடுப்பது?

அம்பாங் மணி: அம்பாங்கில் எஸ்பிசிஏ சிலாங்கூர், சுபாங் பக்கம் பாவ்ஸ், இரண்டு காப்பகத்திலும் சொல்லி வையுங்கள் தம்பி. அங்கே பெரும்பாலும் நாட்டு நாய்கள்தான். எப்போதாவது வரும் பீகல் வளர்த்தவர்கள் கைவிட்டதாக இருக்கும். பெட்ஃபைண்டர் மலேசியா தளத்தில் இனம் போட்டுத் தேடலாம். ‘பீகல் மிக்ஸ்’ என்று போட்டதையெல்லாம் நம்பாதீர்கள், காது தொங்கினாலே அப்படிப் போடுவார்கள். அசல் பீகல் தோள்வரை 33–41 செ.மீ., காதை முன்னால் இழுத்தால் மூக்கு நுனிவரை வரும், வால் நுனி வெள்ளை. நாயைக் காட்டாமல் முன்பணம் கேட்டால் அதோடு விட்டுவிடுங்கள். டிபிகேஎல் (மாநகராட்சி) லைசென்ஸும் எடுக்க வேண்டும்.

கால்நடை கலா: எடுத்த வாரமே இரத்தப் பரிசோதனை: எர்லிக்கியா, பேபேசியா (இரண்டும் உண்ணி கடித்து வரும் இரத்த நோய்கள்), இதயப்புழு. ஈறு வெளிறியிருந்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். எர்லிக்கியா என்றால் வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 28 நாள். நாலே நாளில் நாய் துள்ளும், மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் நோய் திரும்பும். இதயப்புழுத் தடுப்பு மருந்தைப் பரிசோதனைக்கு முன் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் ஏற்கெனவே இளம்புழுக்கள் இருந்தால், அவை ஒரேயடியாகச் சாகும்போது நாய் அதிர்ச்சிக்குப் போகலாம்.

இன்னொன்று, பலரும் கேட்க மறப்பது: வலிப்பு வந்ததுண்டா? பீகலுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு உண்டு. ஃப்ளூரலானர், அஃபாக்ஸோலானர் போன்ற உண்ணி மாத்திரைகள் வலிப்பைத் தூண்டக்கூடும். பழைய விவரம் தெரியாவிட்டால் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்.

செந்தூல்வாசி: நன்றி அக்கா. குட்டியா, பெரியதா?

அம்பாங் மணி: அம்மா தனியாகப் பார்த்துக்கொள்வதென்றால் நாலைந்து வயது நாய். 12–15 வருடம் வாழும் இனம், காலம் நிறையவே மிச்சம். மோப்பம் பிடித்தால் கூப்பிட்டாலும் திரும்பாது. நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ள வார் போட்டால் இழுப்பு குறையும். கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால் கம்பிவலை அடியுங்கள், மண் தரையென்றால் ஒரு அடி ஆழம் புதைத்து. ஊளை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கால்நடை கலா: சாப்பாட்டில்தான் அம்மாக்கள் தோற்பார்கள். கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 550 கலோரி போதும். 100 கிராமுக்கு 350 கலோரி உள்ள உலர் தீனி என்றால் 160 கிராம் அளவு, இரண்டு வேளையாக. கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு, வேகவைத்த கோழி எலும்பு இரண்டும் ஆகாது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் தொங்கும் காதுக்குள் ஈஸ்ட் வளரும். வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.