ஸ்கௌஹீகனில் ஒரு மதியம்

போன அக்டோபரில் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்திலிருந்து கியூபெக்குக்குக் குடும்பத்தோடு காரில் போனோம். 201-ஆம் நெடுஞ்சாலையில் ஸ்கௌஹீகன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கென்னபெக் ஆற்றை ஒட்டி மார்கரெட் சேஸ் ஸ்மித் நூலகம் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீட்டோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நுழைந்தவன், மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை எதிர்த்த செனட்டர் என்ற அளவில்தான் ஸ்மித்தை எனக்குத் தெரியும். பிறந்தது இதே ஊரில், 1897-இல். டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். கணவர் இறந்ததும் 1940-இல் அவருடைய பிரதிநிதிகள் சபை இடத்துக்கு வந்தார். 1949-இல் செனட்டுக்குப் போனபோது அங்கே இருந்த ஒரே பெண் அவர்தான்.

1950 பிப்ரவரியில் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறைக்குள் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார். ஸ்மித்தும் முதலில் அதை நம்பியிருக்கிறார்! இருவரும் ஒரே குடியரசுக் கட்சிக்காரர்கள் வேறு. ஆதாரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சொன்னதற்கும் காட்டியதற்கும் சம்பந்தமில்லை. அப்புறமும் மூத்தவர்கள் யாராவது எழுந்து பேசுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் எழவில்லை. எனக்கு நெஞ்சில் தைத்தது இந்த இடம்தான். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் சக ஊழியர் ஒருவர் மேல் அபாண்டம் சுமத்தினார்கள். பெரியவர்கள் பேசட்டும் என்று நானும் காத்திருந்தேன். கடைசிவரை பேசவே இல்லை.

ஸ்மித் பேசினார். ஜூன் 1 அன்று செனட்டில் பதினைந்தே நிமிடம். மெக்கார்த்தி பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மெக்கார்த்தியோ அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பயம், அறியாமை, துவேஷம், அவதூறு இவற்றின் மேல் சவாரி செய்து தன் கட்சி ஜெயிப்பதைப் பார்க்க விருப்பமில்லை என்றார். பேச்சோடு வெளியிட்ட அறிக்கையில் அவரோடு கூடக் கையெழுத்துப் போட்ட செனட்டர்கள் ஆறே பேர். ‘ஸ்னோ வைட்டும் ஆறு குள்ளர்களும்’ என்று மெக்கார்த்தி கேலி செய்தார். அந்த மாதமே கொரியப் போர் மூண்டது, பேச்சு அமுங்கிப்போனது. மறு வருடம் செனட்டின் விசாரணைத் துணைக்குழுவிலிருந்து ஸ்மித்தை எடுத்துவிட்டு, பின்னாளில் அதிபரான நிக்சனைப் போட்டார்கள். 1954 டிசம்பரில்தான் செனட் 67-க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தது. நாலரை வருடம்!

எல்லாவற்றிலும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. அணு ஆயுத விஷயத்திலும் வியட்நாமிலும் அவர் பிடித்த பிடி ரொம்பக் கடுமையானது. ஆனாலும் அந்தப் பேச்சை மறுபடி கேட்க வேண்டும்போல் இருந்தது.

திரும்பக் காரில் ஏறியதும் அந்தப் பேச்சைப் போனில் தேடி எடுத்து வாசிக்கும்படி மகளிடம் சொன்னேன். வழியில் பிங்கம் என்ற ஊர் வருவதற்குள் முடித்துவிட்டாள். நடுவில் நான்கு உரிமைகள் வரும்: விமர்சிக்க, பலருக்குப் பிடிக்காத கருத்தைக் கொண்டிருக்க, எதிர்ப்புத் தெரிவிக்க, சுயமாகச் சிந்திக்க. அந்த வரிகளை மட்டும் அவளாகவே இரண்டாம் முறை வாசித்தாள்.