அப்பாவுக்குப் பெருங்குடலில் பைகள்: குளுட்டமைன் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாமா?

நொய்யல்கரை:
அப்பாவுக்கு 67 வயது. போன மாதம் ஒரு நாள் காலையில் வயிற்று வலி எதுவும் இல்லாமல் திடீரென்று மலத்தோடு ரத்தம், கொஞ்சநஞ்சமல்ல, நாங்கள் பயந்து ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். மூன்று நாள் படுக்கையில் இருந்தார், ரத்தம் தானாகவே நின்றுவிட்டது. கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்த்ததில் டைவர்டிகுலோசிஸ் என்றார்கள், பெருங்குடலின் வலது பக்கம் நிறைய சின்னச் சின்னப் பைகள், இடது பக்கமும் சில. புற்று இல்லை என்பதில் ஒரு நிம்மதி. நார்ச்சத்து சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மறுபடி ரத்தம் வந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருந்து எதுவும் எழுதவில்லை, அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

சித்தப்பா மகன் ஜிம்முக்குப் போகிறவன். எல்-குளுட்டமைன் பவுடர் டப்பா ஒன்று கொண்டுவந்து கொடுத்து, இது அமினோ அமிலம், குடல் சுவரை ஆற்றும், தினமும் 5 கிராம் கொடு என்கிறான். மூன்று மாதம் கொடுத்துவிட்டு இன்னொரு கொலனோஸ்கோபி எடுத்து, பைகள் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். விதை உள்ள கொய்யா, கத்தரிக்காய், நிலக்கடலை எல்லாவற்றையும் ஏற்கனவே நிறுத்திவிட்டோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரைச் செவிலி:
தம்பி, எண்டோஸ்கோபி அறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன், இந்தப் பைகளைத் திரையில் பார்க்காத வாரம் கிடையாது. சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் உள்ளே இருக்கும் ட்யூப் பிதுங்கிக்கொண்டு நிற்குமே, அதுதான் இது. குடலின் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு சின்ன ரத்தக் குழாய்கள் உள்ளே போகிற இடங்கள் பலவீனமானவை, வயதாக ஆக அந்த இடங்களில் உள் சவ்வு வெளியே பிதுங்குகிறது. அந்த ரத்தக் குழாய் பையின் மேல் இழுபட்டுக் கிடப்பதால்தான் வலியே இல்லாமல் ரத்தம் கொட்டுகிறது. நான்கில் மூன்று பேருக்கு அது அப்பாவுக்கு நின்றதுபோல் தானாக நின்றுவிடும்.

பவுடர் டயரைத் தைக்காது. உருவான பை சாப்பிடும் பொருளால் மறைவதில்லை, அதனால் மூன்று மாதம் கழித்து எடுக்கும் கொலனோஸ்கோபியில் பைகள் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதற்காக 67 வயதுக்காரரை இன்னொரு முறை பேதி மருந்து குடிக்க வைக்காதீர்கள். குடலில் துளை விழும் ஆபத்தும் சிறிதளவு உண்டு.

விதையை நிறுத்தச் சொன்னது யார்? அமெரிக்காவில் 47,228 ஆண்களைப் பதினெட்டு வருடம் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கொட்டைகளும் பாப்கார்னும் சாப்பிட்டவர்களுக்கு டைவர்டிகுலைட்டிஸ், அதாவது இந்தப் பைகளில் அழற்சி, அதிகமாகவில்லை, குறைவாகவே இருந்தது. கொய்யாவைக் கொடுங்கள்.

இன்னொன்று, அவர் மூட்டு வலிக்கோ முதுகு வலிக்கோ மாத்திரை போடுகிறாரா? அதை முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

எண்ணும்_கணக்கும்:
மருந்து ஆய்வுகளின் தரவைச் சரிபார்ப்பதுதான் என் வேலை, அதனால் ‘சோதித்துப் பார்க்கலாம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எதை அளப்பீர்கள்? அப்பாவுக்கு இப்போது வலி இல்லை, ரத்தமும் நின்றுவிட்டது. மூன்று மாதம் பவுடர் கொடுத்த பிறகும் அப்படியேதான் இருப்பார், கொடுக்காமல் விட்டாலும் பெரும்பாலும் அப்படியேதான் இருப்பார். வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

லாஸ் ஏஞ்சலஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் டைவர்டிகுலோசிஸ் உள்ள 2,222 பேரைப் பதினோரு வருடம் வரை பின்தொடர்ந்தார்கள், 2013-இல் வந்தது. அழற்சி வந்தது 95 பேருக்கு. ஆயிரம் பேரை ஒரு வருடம் கவனித்தால் ஆறு பேருக்கு வரும் என்ற கணக்கு. ரத்தக்கசிவு வேறு கதை, ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு இதைவிட அதிகம், ஆனாலும் ஒரே ஆளை மூன்று மாதம் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஒரு அமினோ அமிலம் இந்த நோயைத் தடுக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மிகப் பெரிய கூட்டம் வேண்டும், பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே ருசியில் போலிப் பவுடர் கொடுக்க வேண்டும், யாருக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால் மெசலமைன் கதை இருக்கிறது. குடல் அழற்சியைக் குறைக்கும் மருந்து, டைவர்டிகுலைட்டிஸ் திரும்ப வராமல் தடுக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், கேட்பதற்கு நியாயமாகவும் இருந்தது. கிட்டத்தட்ட 1,180 பேரை வைத்து இரண்டு ஆய்வுகள், இரண்டு வருடம். 2014-இல் முடிவு வந்தது, போலி மாத்திரையைவிட ஒன்றும் மேல் இல்லை. அடுத்த வருடமே அமெரிக்கக் குடலியல் சங்கம் இதற்காக அதைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது.

குளுட்டமைனைச் சரியாகச் சோதித்த இடங்களும் உண்டு. குடல் தொற்றுக்குப் பிறகு வயிற்றுப்போக்கோடு ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்) வந்து, குடல் சவ்வில் கசிவும் இருந்த 106 பேருக்கு, தினமும் மூன்று வேளை 5 கிராம், எட்டு வாரம். பவுடர் எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு நல்ல குறைவு, போலிப் பவுடரில் 6 பேருக்குத்தான். அசத்தலான முடிவு, ஆனால் அது சவ்வு கசியும் நோய், அப்பாவுக்கு இருப்பது தசைச் சுவரின் பலவீனம். அரிவாள் செல் சோகைக்கும் (நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருக்கிறதே, அதே நோய்தான்) 230 பேரிடம் சோதித்து, வலித் தாக்குதல்களை எண்ணி, ஒரு வருடத்தில் நான்கு என்பது மூன்றாகக் குறைந்ததைக் காட்டிய பிறகுதான் 2017-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதித்தார்கள். அங்கே எண்ணுவதற்கு ஒன்று இருந்தது.

பெரியகுளத்தான்:
நான் சாப்பிட்டவன், அதனால் சொல்கிறேன். எனக்கு இடது பக்கம், இரண்டு தடவை காய்ச்சலோடு டைவர்டிகுலைட்டிஸ் வந்து படுத்தேன். அப்புறம் மூன்று மாதம் குளுட்டமைன் எடுத்தேன், வயிறு லேசாக இருந்தது, மலச்சிக்கல் போனது, பார்ப்பவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்தேன். ஆனால் அதே மூன்று மாதத்தில்தான் சிகரெட்டை விட்டேன், காலையில் கேழ்வரகுக் கூழும் மதியம் ஒரு கீரையும் வழக்கமானது, மாலையில் நடக்கவும் ஆரம்பித்தேன். எதனால் குணம் என்று எப்படிச் சொல்வேன்? பவுடரை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது, வயிறு அதேபோல்தான் இருக்கிறது. நான் சிபாரிசு செய்தவர்களிடம் இதையும் போய்ச் சொன்னேன்.

மருந்துக்கடை அக்கா:
கடையில் இந்த டப்பாவை நானே விற்கிறேன். அது உணவுப் பொருள் என்ற வகையில்தான் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தோடு வருகிறது, மருந்துபோல நோயைக் குணமாக்கும் என்று நிரூபித்துவிட்டு வருவதில்லை. அப்பாவுக்குக் கல்லீரல் சுருக்கம் இருந்தால் தொடவே வேண்டாம், குளுட்டமைன் உடைந்தால் அம்மோனியா வரும், கெட்டுப்போன கல்லீரல் அதை வெளியேற்றாது, மூளையைக் குழப்பிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. ஐசியூவில் உறுப்புகள் செயலிழந்த நோயாளிகளுக்கு நல்லது செய்யும் என்று நினைத்து அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் (1,223 பேர், 2013) இறப்பு கூடியது. வீட்டில் நன்றாக இருப்பவருக்கு 5 கிராம் அப்படியெல்லாம் செய்யாது, ஆனால் அமினோ அமிலம்தானே என்று அசால்ட்டாக நினைக்கக்கூடாது.

இன்னொரு விஷயம், குளுட்டமைனை விரும்பிச் சாப்பிடுவது சிறுகுடலின் செல்கள். பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்டிரேட், நாம் சாப்பிடும் நார்ச்சத்தை உள்ளே இருக்கும் பாக்டீரியா புளிக்க வைத்துத் தருவது. டப்பாவுக்குக் கொடுக்கும் காசுக்குக் கீரையும் பயறும் வாங்குங்கள் என்பேன்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா கேட்டதற்காக அப்பாவின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், இரண்டு வருடமாகத் தெருமுனைக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கித் தினமும் போட்டிருக்கிறார். மருத்துவமனையில் மாத்திரை பற்றிக் கேட்டபோது பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னாராம், வலி மாத்திரையை ஒரு மாத்திரையாகவே அவர் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது.

மதுரைச் செவிலி:
இதைத்தான் தேடினேன். அந்த வகை வலி மாத்திரைகள் இந்தப் பைகளில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இன்றே நிறுத்திவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு குடல் மருத்துவரிடம் போங்கள், முழங்காலுக்கு வேறு வழி அவரே சொல்வார். இதயத்துக்காக யாராவது ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதையும் காட்டிக் கேளுங்கள்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கொட்டாதீர்கள், வயிறு உப்பி அவரே வெறுத்துவிடுவார். இரவில் ஒரு சின்ன ஸ்பூன் இசப்கோல், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். மறுபடி ரத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் நின்றுவிடும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

நொய்யல்கரை:
வியாழக்கிழமைக்கு டோக்கன் வாங்கிவிட்டேன். டப்பாவைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொய்யா சாப்பிடலாமாம் என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, அப்போ நிலக்கடலை?

மதுரைச் செவிலி:
வேகவைத்தது, ஒரு கைப்பிடி. நன்றாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள்.